தபால்தலையும் ஒரு தொகைநூலே

தபால்தலை சேர்ப்பவர்களைத் தமிழ் இலக்கிய வாசகர்கள் பெரும்பாலும் ஒரு மெல்லிய நகைப்போடுதான் பார்க்கிறார்கள். அது பள்ளிச் சிறுவர்களின் பொழுதுபோக்கு, இல்லையேல் பணம் படைத்தவர்களின் பெட்டகப் பெருமை என்னும் எண்ணம் நம்மிடையே ஊறிப்போயிருக்கிறது. ஆனால் தொகை என்னும் சொல்லை உலகுக்குக் காட்டத் தகுதியுள்ள மொழி ஒன்று உண்டென்றால் அது தமிழ்தான். யாரோ பாடிச் சிதறிக் கிடந்தவற்றை அடியளவு, திணை, துறை என்று பகுத்துக் கட்டி வைத்ததால்தான் நமக்கு எட்டுத்தொகை கிடைத்தது. பாடிய புலவனுக்குத் தரும் மதிப்பில் ஒரு சிறு பங்கைக்கூடத் தொகுத்தவனுக்கு நாம் தருவதில்லை. குறுந்தொகையைத் தொகுத்தவர் பூரிக்கோ என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? அகநானூற்றைத் தொகுத்த உருத்திரசன்மரும், தொகுப்பித்த பாண்டியன் உக்கிரப்பெருவழுதியும் தேர்வு வினாத்தாளில் ஒரு மதிப்பெண்ணுக்கு வந்துபோகும் பெயர்களாகிவிட்டார்கள்.

தபால்தலைத் தொகுப்பை ஒழுங்குபடுத்துவதும் பெருக்குவதும் பதிப்புத் தொழிலைச் சேர்ந்தவை என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வருவது. அதைப் பதிப்பாகக் கருதாமல் வெறும் சேகரமாகக் கருதுவதால், நம் வட்டாரத்தில் திரும்பக் கிடைக்காத பொருள்கள் நாள்தோறும் பழைய பேப்பர் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

முதலில் ஆல்பத்தைப் பற்றி. கடைகளில் கிடைக்கும் ஆல்பம், நாடுகளின் பெயரைத் தலைப்பில் அச்சிட்டுக் கட்டங்கள் வரைந்து வைத்திருக்கும். ஒவ்வொரு கட்டமும் நிரப்பப்படக் காத்திருக்கும் ஒரு வெற்றிடம். 1840-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் ஒரு பென்னிக் கறுப்புத் தலை புழக்கத்துக்கு வந்ததிலிருந்து உலக நாடுகள் வெளியிட்ட தலைகளை ஒரு மனிதன் தன் வாழ்நாளில் சேர்த்து முடித்துவிடலாம் என்ற நம்பிக்கை அன்றைக்கு இருந்திருக்கலாம். இலண்டனின் ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனம் 1865-இல் தன் முதல் விலைப்பட்டியலை வெளியிட்டபோது அது சில பக்கங்களுக்குள் அடங்கிய உலகம். இன்று அந்தப் பட்டியல் பல தொகுதிகளாக விரிந்து கிடக்கிறது. கட்டம் நிரப்பும் சேகரிப்பாளன் இன்னொருவன் வகுத்த பொருளடக்கத்துக்குப் பக்கம் நிரப்பும் எழுத்தன் மட்டுமே, பதிப்பாசிரியன் ஆகமாட்டான்.

அடுத்த வழி, அஞ்சல்துறையின் புதிய வெளியீடுகளை ஒன்று விடாமல் வாங்குவது. தலைமை அஞ்சலகங்களில் உள்ள அஞ்சல்தலைப் பிரிவில் ஒரு வைப்புக் கணக்குத் தொடங்கிப் பணம் கட்டிவிட்டால் புதிய தலைகளும் முதல் நாள் உறைகளும் வீடு தேடி வரும். வசதியானதுதான், குறை சொல்ல நாம் யார்? சந்தன மணம் வீசும் தலை 2006-இலும், ரோஜா மணத் தலை 2007-இலும், காந்தியடிகள் உருவம் பதித்த கதர்த்துணித் தலை 2011-இலும் வந்தன. முகர்ந்து பார்க்கவும் தடவிப் பார்க்கவும் நன்றாகவே இருக்கின்றன. ஆனால் அவற்றுள் எத்தனை ஒரு கடிதத்தைச் சுமந்து ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போயின? முதல் நாள் உறை என்பது பிறந்த அன்றே முத்திரை குத்தப்பட்டு, முகவரியும் இன்றி, எங்கும் புறப்படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் அடைபடும் ஓர் உயிரி. அதை நாம் வெறுக்கவில்லை. சில நம்மிடமும் உள்ளன. தொகுப்பின் நடுக்கூடத்தில் அதற்கு இடமில்லை, திண்ணையில் இருக்கட்டும் என்கிறோம்.

எழுத்தாளர்கள் உருவம் தாங்கிய தலைகள் என்று ஒரு தனிப்பிரிவை நம் போன்ற தமிழாசிரியர்கள் வைத்துக்கொள்வது இயல்பு. அதையும் வெளிவந்த ஆண்டு வரிசையில் அடுக்கிப் பார்த்தால்தான் சுவை. 1952-இல் இந்திய அஞ்சல்துறை அருளாளர்கள், கவிஞர்கள் வரிசை ஒன்றை வெளியிட்டது. கபீர், துளசிதாசர், மீரா, சூர்தாசர், காலிப், தாகூர் என்று ஆறு பேர். விந்தியத்துக்குத் தெற்கே கவிதை எழுதப்பட்டதற்கான தடயம் அந்த ஆறு தலைகளில் இல்லை. திருவள்ளுவருக்கும் பாரதிக்கும் 1960 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. காளிதாசருக்கும் அதே ஆண்டுதான். கம்பருக்கு 1966. கல்கிக்கு 1999, பாரதிதாசனுக்கு 2001, உ.வே.சா.வுக்கும் தேவநேயப் பாவாணருக்கும் 2006, வள்ளலாருக்கும் மறைமலையடிகளுக்கும் பரிதிமாற் கலைஞருக்கும் 2007, கால்டுவெல்லுக்கு 2010. கால்டுவெல் நூலின் தலைப்பில் இருந்த ‘திராவிட’ என்ற சொல் தமிழகத்தின் ஆட்சியையே பிடித்து நாற்பதாண்டுகளுக்கு மேல் கழிந்த பிறகுதான் அவர் ஒரு சிறு காகிதத் துண்டில் ஏறினார். இந்த வரிசையை ஒரே தாளில் ஒட்டி, ஓரத்தில் ஆண்டுகளை மட்டும் பென்சிலால் எழுதி வைத்தால் போதும். மேடையில் இரண்டு மணி நேரம் முழங்க வேண்டிய செய்தியை அத்தாள் ஓசையின்றிச் சொல்லிவிடும்.

அதே தாளின் மறுபக்கத்தில் நாம் இலங்கைத் தலைகளை வைத்திருக்கிறோம். அதற்கு ஒரே காரணம், நாட்டின் பெயரைத் தமிழிலும் தாங்கி வரும் தலை அது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக ‘இலங்கை’ என்ற நான்கெழுத்து உலகெங்கும் உள்ள உறைகளில் ஒட்டிப் பயணம் செய்திருக்கிறது. அந்த நாட்டில் தமிழுக்கு நேர்ந்ததையும், அந்த நாட்டின் தலையில் தமிழ் இருந்ததையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எழும் உணர்வுக்குப் பெயர் வைக்க நமக்குத் தெரியவில்லை.

சேகரிப்பு நூல்கள் பலவும் சொல்லித்தரும் முதல் பாடம் தலையை உறையிலிருந்து பிரிப்பது. உறையின் மூலையைக் கத்தரி. வெதுவெதுப்பான நீரில் மிதக்க விடு. பசை இளகியதும் இடுக்கியால் எடு. மைஒற்றித்தாளில் கவிழ்த்துப் போட்டு உலர்த்து. பிறகு ஆல்பத்தில் ஏற்று. உலகெங்கும் இலட்சக்கணக்கான சிறுவர்கள் செய்தது இதுதான். இது ஏட்டுச் சுவடியிலிருந்து அழகான எழுத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு ஓலையை அடுப்பில் போடுவதற்குச் சமம் என்பது நம் கருத்து. தலையில் இருப்பது அரசு சொன்ன செய்தி. உறையில் இருப்பது மக்கள் சொன்ன செய்தி. புறப்பட்ட ஊரின் முத்திரை முன்புறம், சேர்ந்த ஊரின் முத்திரை பின்புறம், இரண்டுக்கும் இடைப்பட்ட நாள்கள், முகவரி எழுதிய கை, ‘மேற்படி விலாசதாரர் ஊரில் இல்லை’ என்று தபால்காரர் சிவப்பு மையில் கிறுக்கிய குறிப்பு. இவற்றையெல்லாம் தண்ணீரில் கரைத்துவிட்டு, பல கோடி அச்சிடப்பட்ட ஒரு 25 பைசாக் கோழிக்குஞ்சைக் காப்பாற்றி என்ன பயன்?

ஓர் எடுத்துக்காட்டு. 1971-இல் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகள் திரண்டு வந்தபோது, அவர்களுக்கு உதவுவதற்காக ஐந்து பைசா கூடுதல் அஞ்சல்வரி விதிக்கப்பட்டது. 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச் இறுதி வரை அது நடைமுறையில் இருந்தது. முதலில் குடும்பக் கட்டுப்பாட்டுப் படம் போட்ட ஐந்து பைசாத் தலையின் மேலேயே அகதிகள் நிவாரணம் என்ற சொற்களை அச்சிட்டுக் கொடுத்தார்கள். அச்சிட்ட தலை வந்து சேரும்வரை பல ஊர்களில் ரப்பர் முத்திரையால் குத்தியும் சமாளித்தார்கள். நீரில் ஊறவைத்துப் பிரித்த அகதித் தலைக்கு இன்று சந்தையில் பெரிய மதிப்பில்லை. ஆனால் செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து, மகளுக்குச் சீமந்தம் என்று தகப்பன் எழுதிய கடிதத்தின் உறையில், வழக்கமான தலைக்குப் பக்கத்தில் அந்த ஐந்து பைசாவும் ஒட்டியிருக்கும்போது, அந்தத் தகப்பனும் டாக்காவும் ஒரு மூலையில் சந்தித்துக்கொள்கிறார்கள். ஒட்டியபடியே இருந்தால்தான் அந்தச் சந்திப்பு உண்டு.

பிழைகளைப் பற்றியும் ஒரு சொல். 1854-இல் அச்சான நான்கணாத் தலை ஒன்றில் விக்டோரியா அரசியின் தலை கவிழ்ந்து விழுந்துவிட்டது. இந்தியத் தலைகளில் பெரும்பேறாகக் கருதப்படுவது அதுதான். பதிப்பாசிரியன் பிழையைக் கண்டால் திருத்துகிறான். தபால்தலைக்காரன் பிழையைக் கண்டால் கும்பிடுகிறான். துளைவரிசை அரைப்புள்ளி மாறுவதையும், நீர்க்குறி இடம்வலம் திரும்புவதையும் உருப்பெருக்கியில் பார்த்துக் குறித்து வைக்கும் பொறுமை, பாடபேதம் குறிக்கும் பொறுமைக்கு உடன்பிறப்பு என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் பாடபேதத்தை மட்டும் சேர்த்து வைத்துக்கொண்டு பாடலைப் படிக்காதவரை என்னவென்பது?

இனி, நம் தொகுப்பை நாம் எப்படி அடுக்கினோம் என்று சொல்ல வேண்டும். தற்பெருமையாகத் தோன்றினால் நண்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். செய்ததைச் சொல்லாமல் கொள்கையை மட்டும் சொல்வது நமக்கு ஒவ்வாது.

நம் ஊர் பனமலை. பல்லவன் இராசசிம்மன் குன்றின்மேல் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயில்தான் அதன் அடையாளம். கற்றளி முழுமையாக நிற்கிறது. சிறு கோயில் ஒன்றின் உட்சுவரில், குடைக்கீழ் ஒசிந்து நின்று ஈசனின் ஆடலைக் காணும் உமையின் ஓவியம் அரையும் குறையுமாக எஞ்சியிருக்கிறது. கல் ஆயிரத்து முந்நூறு ஆண்டு நின்றது, வண்ணம் உதிர்ந்தது. குன்றின் அடியில் பெரிய ஏரி. இந்த ஊரையும், இதைச் சுற்றிய விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களையும் எல்லையாக வைத்துக்கொண்டு, இங்கிருந்து புறப்பட்ட அல்லது இங்கு வந்து சேர்ந்த உறைகள், அட்டைகள், உள்நாட்டுக் கடிதங்கள் மட்டுமே தொகுப்பில் இடம்பெறும் என்று வரையறுத்தோம். எழுத்தாளர் தாளும் இலங்கைத் தாளும் பின்னிணைப்பு. எல்லையைச் சுருக்கியதும் தொகுப்பு சிறுத்துவிடும் என்று நண்பர்கள் சொன்னார்கள். நடந்தது நேர்மாறு.

உள்ளடுக்குக்கு அகநானூற்றை வழிகாட்டியாகக் கொண்டோம். அதன் வைப்புமுறை தமிழ் படித்த எவருக்கும் தெரிந்ததே. ஒற்றைப்படை எண்கள் எல்லாம் பாலை, இரண்டும் எட்டும் குறிஞ்சி, நான்கு முல்லை, ஆறு மருதம், பத்து நெய்தல். எண்ணைச் சொன்னால் திணை தெரியும். ஓர் ஏடு தொலைந்தால் எது தொலைந்தது என்பதும் தெரியும். எந்த நூலகப் பகுப்பு முறைக்கும் குறையாத ஏற்பாடு இது. செஞ்சி மலைகளின் அடிவாரத்து அஞ்சலக முத்திரைகளைக் குறிஞ்சி என்றும், மானாவாரிக் காட்டுப் பகுதிகளை முல்லை என்றும், பனமலை ஏரிப் பாசனத்தையும் தென்பெண்ணைக் கரையையும் மருதம் என்றும், மரக்காணத்து உப்பளக் கரையை நெய்தல் என்றும் வைத்துக்கொண்டோம். சிறுபாணாற்றுப்படையில் பாணன் போகும் வழியை இந்த வட்டாரத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்: நெய்தல்சார் எயிற்பட்டினம், முல்லைசார் வேலூர், மருதஞ்சார் ஆமூர், முடிவில் நல்லியக்கோடனின் கிடங்கில். எயிற்பட்டினத்தை மரக்காணம் என்பர். கிடங்கில் இன்று திண்டிவனத்துக்குள் அடங்கிவிட்டது. பாணன் நடந்த வழியில் பிற்காலத்தில் தபால் ஓட்டக்காரன் ஓடியிருக்கிறான்.

பாலைக்கு நிலமில்லை என்பதால் வட்டாரத்தை விட்டுப் பிரிந்து போனவர்களின் கடிதங்களுக்கு அப்பெயரை இட்டோம். பட்டாளத்துக்குப் போனவர்கள், ரங்கூனுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள், புதுச்சேரி உறவால் சைகோனுக்குக் கப்பலேறியவர்கள், பம்பாய்க்குப் போனவர்கள், பிற்காலத்தில் வளைகுடாவுக்குப் போனவர்கள். அடுக்கி முடித்து எண்ணியபோது தொகுப்பின் சரிபாதிக்குச் சற்றே மேல் பாலையாக இருந்தது. அகநானூற்றில் நானூறில் இருநூறு பாலை. அந்தக் கணக்கை நாம் திட்டமிட்டு எட்டவில்லை. பொருள்வயிற் பிரிவு என்று இளங்கலை மாணவர்களுக்கு எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறோம். அதைக் கையில் எடுத்து எடை பார்த்தது அப்போதுதான். பிரிந்தவர்கள்தானே கடிதம் எழுதுவார்கள்?

புதுச்சேரியின் அண்மை நம் வட்டாரத் தொகுப்புக்கு வாய்த்த தனிப்பேறு. விழுப்புரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடும் தொலைவில் 1954 வரை வேறொரு நாட்டின் அஞ்சல் இயங்கியது. பிரெஞ்சிந்தியாவுக்கென்று 1892 முதல் தனித் தலைகள் இருந்தன. 1914-இல் வந்த வரிசையில் பிரம்மாவின் உருவமும் ஒரு கோயிலும் இடம்பெற்றன. உருபாய், பணம், காசு என்ற கணக்கு 1923-க்குப் பின் தலைகளில் ஏறியது. இருபத்துநான்கு காசு ஒரு பணம், எட்டுப் பணம் ஒரு ரூபாய். ஜெர்மனியிடம் பிரான்சு வீழ்ந்தபின், புதுச்சேரி சுதந்திர பிரான்சின் பக்கம் நின்றது. 1941 முதல் ‘பிரான்ஸ் லிப்ர்’ என்ற சொற்கள் பழைய தலைகளின் குறுக்கே அச்சேறின. எல்லைக்கோடு ஒரே வயலின் வரப்பில் ஓடிய ஊர்கள் உண்டு. மாமன் வீடு பிரெஞ்சு, மச்சான் வீடு இங்கிலீஷ். வரப்பைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிட்டு வரக்கூடிய செய்திக்கு அயல்நாட்டுத் தபால்தலை ஒட்டிய காலம் அது. அப்படிப்பட்ட உறை ஒன்றுக்கு எந்த உலக ஆல்பத்திலும் கட்டம் கிடையாது.

முத்திரைகளை வரிசைப்படுத்தும்போது மாவட்டத்தின் வரலாறே தானாக அடுக்கில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. 1993 செப்டம்பர் 30 வரை நாம் தென்னாற்காட்டுக்காரர்கள். முகவரிகள் எல்லாம் ‘தெ.ஆ. ஜில்லா’ என்று முடியும். 1969 தொடக்கம் வரை சென்னை மாநிலம், அதன்பின் தமிழ்நாடு. 1972 ஆகஸ்ட் 15-இல் பின்கோடு வந்தது. அதை வகுத்த ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர் வடமொழிக் கவிஞர் என்பது நம் வாசகர்களுக்கு மகிழ்ச்சி தரக்கூடிய செய்தி. யாப்பிலக்கணம் கற்றவன் நாட்டை ஆறு இலக்கத்தில் அடக்கியதில் வியப்பில்லை. ஆனால் நம் மக்கள் அந்த ஆறு இலக்கத்தை எழுதப் பழக வெகுகாலம் பிடித்தது. பின்கோடுக்கென்று கடிதத்தாளில் அச்சிட்ட கட்டங்கள் வெறுமையாகக் கிடக்க, அதன் பக்கத்திலேயே ‘ஏரிக்கரை பிள்ளையார் கோயில் எதிர்வீடு’ என்று எழுதியிருப்பார்கள். கடிதம் தவறாமல் சேர்ந்திருக்கிறது.

பெருக்குவது எப்படி என்று கேட்பவர்களுக்கு நம் விடை, கடைக்குப் போகாதீர்கள் என்பதே. சென்னையில் தென்னிந்திய அஞ்சல்தலைச் சேகரிப்போர் சங்கம் 1956 முதல் இயங்கி வருகிறது. அங்குள்ளவர்களின் அறிவு பெரிது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் நம் வட்டாரத்துப் பொருள் நம் வட்டாரத்துப் பரணில்தான் இருக்கிறது. நாம் ஊர்ஊராகப் போனோம். கல்லூரி மாணவர்களின் பாட்டிமார் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு பெட்டியைத் திறந்தார்கள். குத்துக்கம்பியில் கோத்துத் தொங்கவிட்ட கடிதங்கள், நடுவே ஒரு துளையோடு, ஏட்டுச் சுவடியைப் போலவே இருக்கும். சுவடியில் கயிறு, இங்கே துருப்பிடித்த கம்பி. அவ்வளவுதான் வேறுபாடு.

இங்கே ஓர் அறச்சிக்கல் உண்டு. சேகரிப்பாளர்கள் அதைப் பேசுவதே இல்லை. உறை நமக்கு, உள்ளிருக்கும் கடிதம் யாருக்கு? வேட்டவலம் சாலையை ஒட்டிய ஓர் ஊரில், இராணுவத்தில் இருந்து மறைந்தவரின் மனைவி, எழுபதைத் தாண்டியவர், கணவரின் கடிதங்களை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தார். 56 ஏ.பி.ஓ. என்று மட்டும் முகவரி கொண்டவை. ஆள் எந்த மலையில் எந்தப் பனியில் நின்றான் என்பதை அந்த எண் சொல்லாது. சில படைவீரர்களுக்கான இலவசக் கடிதத்தாள்கள். “அதுல தலையே ஒட்டலையே வாத்தியாரே, உனக்கு எதுக்கு?” என்றார் அந்த அம்மா. தலை ஒட்டாததால்தான் அதன் அருமை என்று விளக்கினோம். வெகுநேரம் யோசித்துவிட்டு, உறைகள் சிலவற்றைக் கொடுத்தார். தாள்களை மடியில் வைத்துக்கொண்டார். “இது அவரு பேச்சு. இத எப்படித் தரது?” அதற்குமேல் ஒரு சொல்லும் நாம் கேட்கவில்லை. கேட்கலாம் என்பவர்களோடு நமக்கு உடன்பாடில்லை. அந்த இலவசத் தாளில் கடிதமும் உறையும் ஒன்றேதான், பிரிக்க வழியில்லை. ஆகவே நம் பாலைப் பகுதியில் ஒரு தாள் வெறுமையாகவே இருக்கிறது. அங்கே இருக்க வேண்டியது என்ன, அது யாரிடம் உரிமையாக உள்ளது என்பதைப் பெயர் சொல்லாமல் பென்சிலால் குறித்து வைத்துள்ளோம். சுவடி கிடைக்காத பாடலுக்கு எண் மட்டும் இட்டு வைப்பதில்லையா, அப்படி.

ஆனால் எல்லாப் பெட்டிகளுக்கும் அப்படி ஒரு காவல் இல்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரைகடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. தென்பெண்ணையும் சங்கராபரணியும் கரைபுரண்டன. வீட்டுக்குள் இடுப்பளவு நீர் நின்ற குடும்பங்களுக்கு அரிசியும் சான்றிதழ்களும்தான் கவலை. பழைய கடிதங்கள் யார் நினைவுக்கு வரும்? நீர் வடிந்தபின் ஈரக் காகிதம் மூட்டைமூட்டையாக வெளியேறியது. பேப்பர் கடையில் அதற்கும் விலையில்லை. “ஈரம் சார், எடைக்கு ஆவாது, குப்பைல போட்டுட்டாங்க” என்றார் கடைக்காரர். நம்மால் மீட்க முடிந்தது இரண்டு கட்டுகள். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட உறைகளைப் பிய்க்காமல், வெயிலில் போடாமல், மைஒற்றித்தாள் இடையிட்டு மின்விசிறிக்கு அடியில் நாள்கணக்கில் உலர்த்தினால் பெரும்பாலானவை பிரிந்துவிடும். பந்துமுனைப் பேனா எழுத்து நிற்கும். ஊற்றுப்பேனா எழுத்து ஓடிவிடும்.

காப்பு முறைகளை விரித்தால் அது வேறு கட்டுரையாகிவிடும். மூன்று பகைவர்களை மட்டும் சொல்கிறோம்: கார்த்திகை மாத ஈரம், பல்லாவரம் தொடங்கிப் பனமலை வரை எங்கும் நிறைந்த இராமபாணப் பூச்சி, மற்றும் அன்பான உறவினர். முன்னிரண்டுக்கு உலர்ந்த அலமாரியும், அடுக்காமல் நிறுத்தி வைப்பதும், ஆண்டுக்கு இருமுறை எடுத்துப் புரட்டுவதும் போதும். மூன்றாமவர் லேமினேஷன் செய்து தருகிறேன் என்று வருவார், கதவைச் சாத்திவிடுங்கள். செல்லோடேப் உறையைப் பத்தாண்டில் பழுப்பாக்கிவிடும். விலைமலிந்த பி.வி.சி. உறைகள் தலையின் மையை உறிஞ்சும். மூலைகளைத் தாங்கும் காகித முக்கோணங்களில் செருகி, அமிலமற்ற வெள்ளைத் தாளில் வைப்பதே உத்தமம்.

இவ்வளவு அவசரம் ஏன் என்று கேட்கக்கூடும். தந்தி 2013 ஜூலையில் நின்றது. 2024 டிசம்பரில் பதிவு புத்தக அஞ்சலை எடுத்துவிட்டார்கள். நம் சிற்றிதழ்களும் சிறுபதிப்பகங்களும் குறைந்த செலவில் வாசகன் வீட்டுக்கு நூலை அனுப்பிய வழி அது. அதன் மறைவுக்குப் பதிப்பாளர்கள் சிலர் குரல் கொடுத்தார்கள், இலக்கிய உலகம் பெரிதாகக் கவலைப்படவில்லை. 2025-இல் பதிவு அஞ்சல் விரைவு அஞ்சலோடு இணைக்கப்பட்டது. தலைகள் வரிசையாக ஒட்டிய பதிவு உறைக்கு மாற்றாகப் பட்டைக்குறியீடு அச்சிட்ட ஒரு வெள்ளை ஒட்டுத்தாள். இனி இவ்வட்டாரத்தில் தலை ஒட்டி முத்திரை குத்திய உறை புதிதாக உருவாவது அரிது. ஆகவே தொகுப்பு ஒரு முடிந்த காலத்துக்குரியதாகிவிட்டது. சங்கத் தொகைகளும் பாடல்கள் பாடப்பட்டு முடிந்து, பாடும் மரபு மாறியபின் கட்டப்பட்டவைதாம் என்பது அறிஞர் பலர் கருத்து. தொகுக்கும் காலம் வந்துவிட்டதென்றால் பாடும் காலம் போய்விட்டது என்று பொருள்.

உ.வே.சா. ஏடுகளை மட்டும் காக்கவில்லை. தமக்கு வந்த கடிதங்களையும் ஆயிரக்கணக்கில் காத்து வைத்தார். அவற்றைக் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலமை உலகை இன்று வரைய முடிகிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு துண்டறிக்கைகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தபோது ஊரார் என்ன பேசியிருப்பார்கள் என்பதை ஊகிக்கக் கடினமில்லை. அவர் தொகுப்பை 1994-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று விலைகொடுத்து வாங்கிய பிறகுதான் சென்னையில் அவர் பெயரில் ஆய்வு நூலகம் உருவாயிற்று. தனி மனிதனின் தொகுப்பு அவன் மறைவுக்குப் பின் எங்கே போகும் என்பதை உயிரோடிருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். நாம் எழுதி வைத்துவிட்டோம். தொகுப்பின் பட்டியல் ஒரு படி நம்மிடமும், ஒரு படி முன்னாள் மாணவர் ஒருவரிடமும் இருக்கிறது.

விழுப்புரம், செஞ்சி, திண்டிவனம் வட்டாரத்து வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் உண்டு. பொங்கலுக்குப் பரண் கழிக்கும்போது பழைய உறைகள் தென்பட்டால், தலையைக் கிழிக்காமல், எந்த வீட்டில் எந்தப் பெட்டியில் இருந்தது என்பதை ஒரு துண்டுத்தாளில் குறித்து உடன் வையுங்கள். நமக்குத் தர வேண்டியதில்லை, நீங்களே வைத்துக்கொள்ளலாம். நம் அடுக்கில் குறிஞ்சி ஓரளவு நிறைந்துவிட்டது. மருதத்தில் 1950-க்கு முந்தியவை மெல்லியவையாக உள்ளன. நெய்தலில் மரக்காணத்து முத்திரை தெளிவாக விழுந்த உறை ஒன்றுகூட இன்னும் அகப்படவில்லை.